அப்பாவின் காதுக்கு ஒரு கிடார்

எலக்ட்ரிக் கிடார்தான் ஊரைக் கூட்டும், அக்கூஸ்டிக் கிடார் பரம சாது என்று நினைக்கிறவர்கள் தாராவியில் எங்கள் கல்லிக்கு, அதாவது எங்கள் சந்துக்கு, வந்து ஒரு வாரம் குடியிருந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் நிலைமை நேர் தலைகீழ். பதினைந்து வருடம் நான் எலக்ட்ரிக் கிடார் வாசித்தேன், எதிர் வீட்டுக்குக்கூட அது தெரியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேல் ரூமில் உட்கார்ந்துவிட்டால் வெளியே கேட்பதெல்லாம் கம்பியில் விரல் படுகிற டிக் டிக் சத்தம் மட்டும்தான். பக்கத்தில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் போடுவார். அவருக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

அக்கூஸ்டிக் கிடார் வீட்டுக்குள் வந்த பிறகுதான், நான் எவ்வளவு மோசமாக வாசிப்பவள் என்பது ஒரு கல்லிக்கே தெரிந்தது. அதற்குக் காரணம் அப்பா.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வடாலாவில் ஒரு தகரப் பட்டறையில் முப்பது வருடம் டப்பா அடித்தவர். எண்ணெய் டப்பா, பெயின்ட் டப்பா, பிஸ்கட் டப்பா. காது போனது அங்கேதான். கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால், போனதே அவருக்குத் தெரியவில்லை. நாங்கள்தான் எல்லாரும் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டோம் என்று ரொம்ப நாள் எங்களைக் கோபித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆறு வருடத்துக்கு முன்னால், காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதில் சின்னப் பேட்டரிக் கதவு ஒன்று உண்டு. விரல் நுனியால் திறந்தால் மிஷின் பந்த், நின்றுவிடும்; மூடினால் சாலு, ஓடும். சாலுவில் இருக்கும்போது கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கூ' என்று விசில் அடிக்கும். பஸ்ஸில் அவர் காதைச் சொறிந்தால் நாலு பேர் தங்கள் செல்போனை எடுத்துப் பார்ப்பார்கள்.

நாங்கள் இருப்பது ஒரே வீடு. கீழே அப்பாவும் அம்மாவும், மேலே நானும் வீட்டுக்காரரும். நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. நான் செம்பூரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறேன். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னால், ஒன்றுமே தெரியாமல் "தெரியுது, தெரியுது" என்று தலையாட்டுகிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள். அவர்கள் தலையாட்டுகிற விதத்திலேயே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்படிப்பட்டவள்தான் சொந்த வீட்டில் ஆறு வருடம் ஏமாந்திருக்கிறேன்.

எங்கள் சர்ச்சில், நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம், பாடகர் குழுவில் நான்தான் கிடார். இருபது சொச்சம் வயதில் முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கிய கறுப்பு எலக்ட்ரிக், காலடியில் வரிசையாக மூன்று பெடல். ஒரு பெடலை அழுத்தினால் சத்தம் கரகரக்கும். இன்னொன்றை அழுத்தினால் ஒரு தடவை மீட்டியது நாலு தடவை கேட்கும். தாராவியில் ஒரு பெண் எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிறாள் என்று காட்கோபரிலிருந்தும் தாணேயிலிருந்தும்கூடக் கன்வென்ஷன் கூட்டங்களுக்குக் கூப்பிடுவார்கள். நானும் தலையைக் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அப்பாவிடம் கேட்பேன். எப்படி இருந்தது? "நல்லா இருந்துச்சு" என்பார். ஒரு வாரம்கூட மாற்றிச் சொன்னதில்லை. எனக்கும் அது போதுமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, இரண்டாவது பாட்டுக்கு நடுவில் என் ஆம்ப்ளிபையரின் ஃபியூஸ் போய்விட்டது. கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு, கீபோர்டும் டிரம்ஸும் மட்டும் வாசித்துக்கொண்டிருக்க, நான் பக்கவாட்டில் நடந்து கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முன்னால் நின்று வாசிக்கும்போது நான் விரலைத்தான் பார்ப்பேன், சபையைப் பார்க்க மாட்டேன், அது என் கெட்ட பழக்கம். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பாட்டு நேரத்தில் அப்பாவின் முதுகைப் பார்த்தேன். பாட்டு முடிந்தது. போதகர் பிரசங்கத்துக்கு எழுந்தார். அப்பாவின் கை, காதோரம் முடியை ஒதுக்குவது போல மெல்ல மேலே போய் இறங்கியது. அப்பாவுக்கு அந்த இடத்தில் முடியே கிடையாது. 'கூ' என்று ஒரு சின்ன விசில் கேட்டது. பிரசங்கம் முடிந்து கீபோர்டு ஆரம்பித்ததும் அதே கை அதே மாதிரி மேலே போனது. இந்தத் தடவை இறங்கும்போது விசில் இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீடு வந்து சேரும் வரை பொறுத்துக்கொண்டதே பெரிய காரியம். அம்மா மீன் குழம்பை இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள். நான் அப்பா முன்னால் போய் நின்று, பாட்டு நேரத்தில் மிஷினைப் பந்த் பண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தீர்களா, இந்தப் பதினைந்து வருடமும் அப்படித்தானா என்று கேட்டேன்.

"பதினஞ்சு இல்ல. மிஷின் வாங்கி ஆறு வருஷந்தான ஆச்சு" என்றார் அப்பா.

"அப்போ அதுக்கு முன்ன?"

"அதுக்கு முன்ன எனக்குக் காதே கேக்கலையே."

அம்மா முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையிலேயே அழுகை வந்தது. யார் கைதட்டினாலும் அப்பா சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பெடலைத் தூக்கிக்கொண்டு தாணே வரை போய் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"எம்மா, கோவப்படாத. மிஷினுக்குள்ள அது கிடார் மாதிரி வரல. தகரத்தப் போட்டு இழுக்க மாதிரி வருது. முப்பது வருஷம் அதத்தான கேட்டேன். கோயில்லயும் வந்து அதையே கேக்கணுமா?"

சாப்பிடாமல் மேலே ஏறிப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் குழம்பு வாசனை தாங்காமல் இறங்கி வந்து சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

அந்த வாரத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். ஆறு வாரத்தில் அப்பாவுக்கு எழுபது வயது முடிகிறது. வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பதாக இருந்தோம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காகக் கூட்டமோ அவர் தன் விருப்பப் பாட்டைச் சொல்வார், அதை முதலில் அந்த வீட்டு ஆட்கள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். எவ்வளவு கேவலமாகப் பாடினாலும் சரி, மற்றவர்கள் பிறகுதான் சேர்ந்துகொள்வார்கள். அப்பாவின் விருப்பப் பாட்டு எது என்று எல்லாருக்கும் தெரியும். மூன்று சரணம் உள்ள ஒரு பழைய கீர்த்தனை. பட்டறையில் டப்பா அடிக்கும்போதும் அதைத்தான் முணுமுணுப்பாராம். அந்தக் கீர்த்தனையை, கரகரப்பு இல்லாமல், பெடல் இல்லாமல், வெறும் அக்கூஸ்டிக் கிடாரில் நான் வாசிக்க வேண்டும். அப்பா மிஷினைப் பந்த் பண்ணாமல் கடைசிவரை கேட்க வேண்டும். மிஷினைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லக்கூடாது. கேட்டு வாங்குகிற பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு பெண் படிப்புக்காக வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கூஸ்டிக் கிடாரை வாங்கிக்கொண்டேன். செம்பூரிலிருந்து பஸ்ஸில் ஏறியபோதே அதன் குணம் தெரிந்துவிட்டது. என் எலக்ட்ரிக் ஒல்லி, முதுகில் மாட்டினால் இருப்பதே தெரியாது. இது கர்ப்பிணி மாதிரி, இடம் கேட்டது. திரும்புகிற பக்கமெல்லாம் யாரையாவது இடித்தது. சயான் வருவதற்குள் மூன்று மொழியில் திட்டு வாங்கினேன்.

வீட்டில் ஏணி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறி, இன்னொரு கையால் கிடாரைத் தூக்கினால், மேல் பலகையில் டங் என்று மோதியது. இரண்டாவது தடவை மோதியபோது, அது கீழேயே கிடக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பாவின் கட்டிலுக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினோம். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். ஓரமெல்லாம் தடவி, ஒட்டு நன்றாக இருக்கிறது, எங்கேயும் விரிசல் இல்லை என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் தன் துண்டால் அதைத் துடைக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். கம்பியை மட்டும் தொட மாட்டார்.

நான் செய்த பெரிய முட்டாள்தனத்தை இப்போது சொல்ல வேண்டும். அக்கூஸ்டிக்கின் கம்பிகள் தடிமன். பதினைந்து வருடம் மெல்லிய கம்பியில் வழுக்கிக்கொண்டு திரிந்த என் விரல்கள் முதல் நாளே சிவந்து வீங்கிவிட்டன. மறுநாள் கடையில் கண்ணாடித் திருகாணியைப் பிடிக்க முடியவில்லை. நான் ரொம்பப் புத்திசாலியாக ஒரு வேலை செய்தேன். என்னிடம் மிச்சமிருந்த எலக்ட்ரிக் கிடார்க் கம்பிகளை எடுத்து அக்கூஸ்டிக்கில் போட்டுவிட்டேன். விரல் வலி போயே போய்விட்டது. எனக்கு ஒரே பெருமை.

சனிக்கிழமை சாயங்காலம், அப்பா மிஷினோடு டீ குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒத்திகைக்காக ஒரு பாட்டு வாசித்தேன். நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "நல்லா இருந்துச்சு" என்றார். என்ன பாட்டு என்று கேட்டேன். அப்பா டீ கிளாஸைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நம்ம பாட்டுத்தானே என்றார். கண் பரிசோதனையில் எழுத்து தெரியாதவர்கள் சொல்வார்களே, மேலே இருக்கிறதுதானே, சின்னதாக இருக்கிறதே என்று, அதே குரல். மிஷின் சாலுவில்தான் இருந்தது. கிடாரில்தான் சத்தம் இல்லை. எலக்ட்ரிக்கில் கம்பியின் முனகலைக் கரண்ட் வாங்கிப் பெரிதாக்கிக் கொடுக்கும். இங்கே கம்பிதான் பலகையை அசைத்துக் கத்த வைக்க வேண்டும். நான் போட்ட கம்பிக்கு அந்தப் பலகையை அசைக்கத் தெம்பு இல்லை. கொசு பாடினது போல இருந்திருக்கிறது.

மாட்டுங்காவில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கல்லாவில் இருந்தவர் சிரிக்கவே இல்லை. எலக்ட்ரிக்கிலிருந்து மாறுகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை இதைச் செய்துவிட்டுத்தான் தன்னிடம் வருவார்கள் என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே, நான் கேட்பதற்கு முன்பே தடிமனான கம்பிப் பாக்கெட்டை எடுத்து வைத்தார். வலிக்குமே என்றேன். மூன்று வாரம் வலிக்கும், அப்புறம் உங்களுக்கு விரலே இருக்காது, தோல்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னார்.

நல்ல கம்பி போட்டதும் கல்லிக்குக் காது திறந்தது. வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு வந்து, அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பிப்பேன். எங்கள் கல்லியில் இரண்டு பக்க வீடுகளுக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகிற இடம்தான். ஆறேழு வீடுகளுக்கு என் ஒவ்வொரு தப்பும் போய்ச் சேர்ந்தது. கதவைச் சாத்தினால் வேர்த்துக் கொட்டும், திறந்தால் மானம் போகும். இதில் எனக்கு ஆத்திரம் எங்கே வந்தது என்றால், ஏழு மணிக்குப் பிறகு பேட்டரியை மிச்சப்படுத்த அப்பா மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். யாருக்காக வாசிக்கிறேனோ அவர் ஒருவரைத் தவிர ஊருக்கே கேட்டது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகக் காய்கறி நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

காலையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் விசாரணை நடக்கும். பக்கத்து வீட்டு டெய்லர், நேற்று மூன்றாவது வரியில் நின்றுவிட்டீர்களே, இன்றைக்கு வந்துவிடுமா என்பார். மூலை வீட்டு உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒரு நாள் என்னைப் பார்த்துக்கொண்டே, வார்த்தை இல்லாமல் பல்லவியை முழுசாக விசிலடித்தார். சரியாகவே அடித்தார். ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள் நான் தடுமாறுகிற இடத்தையும் சேர்த்தே பாடிக்கொண்டு போனார்கள். தடுமாறி, நின்று, மறுபடி ஆரம்பிப்பதும் பாட்டில் ஒரு பகுதி என்றே நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

எல்லாரையும்விட என்னைச் சரியாகப் பிடித்தது எதிர் வீட்டு அக்காதான். சங்கரன்கோவில் பக்கத்து ஆள், இட்லி போட்டு விற்கிற குடும்பம். தினமும் நாலு மணிக்கு கிரைண்டரைப் போட்டால் எட்டு மணி வரை ஓடும், அந்தக் கடகடவுக்கு நடுவில்தான் நான் வாசிக்க வேண்டும். ஒரு நாள் கையெல்லாம் மாவோடு வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா உப்புப் போடாத மாவு மாதிரி இருக்குளா. எல்லாப் பாட்டும் ஒண்ணு போலத்தான் கேக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. ஒரு கார்டு, அதாவது ஒன்றாகச் சேர்த்து மீட்டுகிற பிடி, என்பது குறைந்தது மூன்று சுரம். அதில் நடுவில் இருக்கிற சுரம்தான் பாட்டு சிரிக்கிறதா அழுகிறதா என்பதை முடிவு செய்யும். கொஞ்சம் ஏற்றிப் பிடித்தால் மேஜர், சிரிக்கும். ஒரு கட்டை இறக்கிப் பிடித்தால் மைனர், கண் கலங்கும். கரகரப்புப் பெடலை அழுத்தி வாசிக்கும்போது அந்த நடுச்சுரம் வந்தால் எல்லாம் சேறாகிவிடும். அதனால் எங்களைப் போன்ற எலக்ட்ரிக் ஆட்கள் அதை எடுத்துவிட்டு இரண்டு சுரத்தை மட்டும் வைத்துச் சமாளிப்போம். நான் பதினைந்து வருடமாக எல்லாப் பாட்டையும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். துக்கப் பாட்டும் கிறிஸ்மஸ் பாட்டும் எனக்கு ஒரே பிடிதான். சிரிப்பதையும் அழுவதையும் கீபோர்டு பார்த்துக்கொண்டது. சத்தத்தையும் கெத்தையும் நான் பார்த்துக்கொண்டேன். உப்பு என்று அக்கா சொன்னது அந்த நடுச்சுரத்தைத்தான்.

அதன் பிறகு நான் எல்கேஜி பிள்ளை. முப்பத்தாறு வயதில், கன்வென்ஷன்களில் வாசித்தவள், டி மேஜர் டி மைனர் என்று விரலை மாற்றி மாற்றி வைத்துப் பழகினேன். ஒரே ஒரு விரல்தான் இடம் மாறுகிறது, ஆனால் பழைய பழக்கத்தில் அந்த விரல் நினைத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எஃப் கார்டு பிடிக்க ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்க வேண்டும். முதல் வாரம் ஆறில் இரண்டு பேசும், நாலு செத்துக் கிடக்கும். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மைனர் முதல்முறையாகச் சுத்தமாக விழுந்த அன்று, கிடாரின் வயிறு என் வயிற்றோடு சேர்ந்து அதிர்ந்தது. எதிர் வீட்டு கிரைண்டருக்கு மேலே அக்காவின் குரல் கேட்டது. "இப்போ சரி" என்றார், அவ்வளவுதான்.

கூட்டம் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு. உள்ளே பாய், வெளியே கல்லியை அடைத்து பிளாஸ்டிக் நாற்காலிகள். பாடகர் குழுவை வெறும் கையோடு வரச் சொல்லியிருந்தேன். கீபோர்டுக்காரர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்கு ஒரே கவலைதான், எதிர் வீட்டு கிரைண்டர். அந்தக் கடகடவும் கிடாரும் சேர்ந்து மிஷினுக்குள் போனால் அப்பா கட்டாயம் பேட்டரிக் கதவைத் திறந்துவிடுவார். அதற்காக அக்காவிடம் போய் நிறுத்தச் சொல்ல முடியுமா? மறுநாள் இட்லிக்கான மாவு அது, அவர்கள் பிழைப்பு. கேட்கவில்லை.

போதகர் ஜெபித்தார். அப்பா வெள்ளைச் சட்டையில், முன்னால் ஒரு நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். காதில் மிஷின் இருந்தது. அதன் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. விருப்பப் பாட்டைச் சொல்லச் சொன்னதும், எல்லாருக்கும் தெரிந்ததையே புதுசு போலச் சொன்னார். நான் ஆணியிலிருந்து கிடாரை எடுத்து மடியில் வைத்தேன். அந்த நேரத்தில் கிரைண்டர் நின்றது. அது நிற்கும்போதுதான் எவ்வளவு சத்தம் இருந்தது என்றே தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா சுவிட்சில் கையை வைத்தபடி, வாசலில் நின்றுகொண்டிருந்தார். பாதி அரைபட்ட மாவு அப்படியே கிடந்திருக்கும்.

ஆரம்பித்தேன். அம்மா பாடினாள், வீட்டுக்காரர் உதட்டை மட்டும் அசைத்தார். பல்லவி வந்தது, முதல் சரணம் வந்தது. வழக்கத்துக்கு மாறாக, விரலைப் பார்க்காமல் நான் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் முழங்காலில் இருந்தன. இரண்டாம் சரணத்தின் நடுவில், வலது கை எழுந்தது. மெல்ல, காதோரம் இல்லாத முடியை ஒதுக்குகிற அதே கை. எனக்கு உள்ளே எல்லாம் விழுந்துவிட்டது. ஆறு வாரம், நாலு விரலின் தோல், கல்லி முழுக்கப் போன மானம், எல்லாம் சேர்ந்து விழுந்தது. விரல் எங்கே போகிறது என்று பார்க்க ஆளில்லை. அது தன் இஷ்டத்துக்கு ஓரிடத்தில் போய் உட்கார்ந்தது.

அப்போது 'கூ' என்று மிஷின் விசிலடித்தது.

அப்பா கதவைத் திறக்கவில்லை. இன்னும் நன்றாகக் கேட்பதற்காகக் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்திருந்தார். மிஷினோ, பந்த் ஆகாமல் முழுத் தெம்போடு கத்திக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் சரணத்தை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. கல்லியே பாடிக்கொண்டிருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக்காரர் விசிலில் சேர்ந்துகொண்டார். பிள்ளைகள் நான் பழைய நாளில் தடுமாறிய இடத்தில் ஒழுங்காகத் தடுமாறினார்கள்.

கேக் வெட்டி, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, ஆட்கள் கலைந்த பிறகு அப்பா கட்டிலில் உட்கார்ந்து துண்டால் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி இருந்தது என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. அப்பாதான், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, கல்லிக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"ரெண்டாம் சரணத்துல ஒரு எடத்துல, அழ வேண்டிய எடத்துல கிடார் சிரிச்சிட்டே. கவனிச்சியா?"

மைனருக்குப் பதிலாக மேஜர் போட்டிருக்கிறேன். கீபோர்டுக்காரரே கண்டுபிடிக்காத தப்பு. பதினைந்து வருடம் "நல்லா இருந்துச்சு" கேட்டவளுக்கு இதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும் வந்தது. அப்படியெல்லாம் இல்லை, சரியாகத்தான் வாசித்தேன் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அப்பா துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்டச் சொல்லாத. எனக்குக் காது கேக்கும்லா."